கடலுக்குப் போகும் வீட்டில் ஆராதனை

ஆராதனை என்றால் ஞாயிறு பூசை மட்டும்தான் என்று வைத்துக்கொண்டால், ராமேஸ்வரம் தீவில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கத்தோலிக்க மீனவர் வீடுகளில் பாதிக்கு அது கைக்கு எட்டாது. சனிக்கிழமை காலை போன விசைப்படகு ஞாயிறு காலையில்தான் கரைக்கு வரும். மீனை இறக்கி, ரகம் பிரித்து, எடை போடுவதற்குள் பூசை முடிந்திருக்கும். சனி மாலைப் பூசையும் ஞாயிறு பூசைக் கடமைக்குச் செல்லும், ஆனால் அப்போது ஆள் கடலில் இருப்பார். ஆகவே அக்கம்பக்கத்துப் பங்குகளில் ஞாயிறு மாலைப் பூசை எங்கே உண்டு என்று முதலில் விசாரித்து வையுங்கள். எதற்குமே வழியில்லை என்றால் திருச்சபைச் சட்டம் குற்றம் சொல்வதில்லை. அந்த நேரத்தைத் தனியாகவோ குடும்பமாகவோ செபத்தில் செலவிடச் சொல்கிறது.

பூசையில் நற்கருணை அப்பம் வாங்க ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே தண்ணீர், மருந்து தவிர வேறெதுவும் கூடாது. கரையில் குடிக்கும் டீயும் கூடாது.

வாரத்தைத் தாங்குவது மாலைச் செபம்தான். கோயிலில் 6 மணிக்கு மூவேளை செப மணி அடித்ததும் தொடங்கினால் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. டிவியை நிறுத்துங்கள். கடற்காற்றுக்கு மெழுகுதிரி நிற்காது, கண்ணாடிக் குவளைக்குள் ஏற்றுங்கள். சிலுவை அடையாளம், ஒரு நிமிடம் மௌனம், நற்செய்தியில் ஏழெட்டு வசனம், அதன்பின் செபமாலை. படகு வெளியே இருக்கும் இரவில் திருப்பாடல் 107-ல் 23 முதல் 30 வரை, அல்லது மாற்கு 4-ல் 35 முதல் 41 வரை வாசிக்கலாம். இரண்டுமே புயலும் படகும் பற்றியவை.

செபமாலையில் பத்துப் பத்தாக ஐந்து தொகுதி (ஒவ்வொன்றும் ஒரு 'பத்து'), தொடக்கத்தில் மூன்று, ஆக 53 முறை 'அருள் நிறைந்த மரியே' என்ற மாதா செபம். ஒவ்வொரு பத்திலும் இயேசு, மாதா வாழ்வின் ஒரு நிகழ்வைத் தியானிப்பதுதான் மறைபொருள். திங்கள், சனி மகிழ்ச்சி மறைபொருள், செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் மறைபொருள்கள் 2002-ல் இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தவை, பழைய செபப் புத்தகங்களில் இருக்காது. நிதானமாகச் சொன்னால் இருபது நிமிடம் ஆகும். பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டால் யாரோ வார்த்தையை விழுங்குகிறார்கள். பெரும்பாலும் ஒருவர் மாதா செபத்தின் முதல் பாதியை முடிக்குமுன்னே, பதில் சொல்லும் எதிர்ப்பக்கம் 'அர்ச்சிஷ்ட மரியே' என்று பாய்ந்துவிடும். 'ஆசீர்வதிக்கப்பட்டவரே' என்று முடிந்த பிறகு ஒரு மூச்சு விட்டுத் தொடங்கச் சொல்லுங்கள், தானாகச் சீராகும். ஒவ்வொரு பத்தையும் ஒருவர் சொல்லட்டும், பிள்ளைகள் உட்பட. போனில் செபமாலையை ஓடவிட்டு மீன் கழுவினால், செபம் சொல்வது போன்தான்.

இன்னொரு குழப்பம் நேர்ச்சையில் வருகிறது. ஆராதனை மூவொரு கடவுளுக்கு மட்டும். மாதாவுக்கு மேலான வணக்கம், புனிதர்களுக்கு வணக்கம். 1693 பிப்ரவரி 4-ல் புனித அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) தலை வெட்டப்பட்ட ஓரியூரில் செம்மண் எடுத்து வருவதும், கச்சத்தீவு அந்தோனியாருக்குத் திரி ஏற்றுவதும் வணக்கம். நேர்ச்சை என்பதே கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. புனிதர் நமக்காகப் பரிந்து பேசுபவர். 'இத்தனை மீன் பட்டால் இத்தனை திரி' என்று பேசும்போது அது பேரமாகிவிடுகிறது. முடிந்த அளவுக்கு மட்டும் நேர்ந்துகொள்ளுங்கள். கடன் வாங்கி நிறைவேற்றுவதாக நேராதீர்கள்.

பூசைக்குப் போகுமுன் கணக்கையும் பாருங்கள். உடன் வந்தவர்களின் பங்குக் காசு பாக்கியா? அடுத்தவர் வலையை அறுத்துவிட்டு இன்னும் பேசவில்லையா? காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானம் ஆகும்படி மத்தேயு 5-ல் ஆண்டவரே சொல்கிறார். நம் பக்கம் ரொம்ப வசதியாக மறக்கப்படும் வசனம் இது.

புதிதாகத் தொடங்கும் விசைப்படகு வீடுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தோதானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், நடுவில் மாதா வணக்க மாதமான மே வருகிறது. முதல் வாரம் ஒரு பத்து மட்டும் சொல்லுங்கள். முதல் நாளே ஐந்தையும் எடுத்தால் பிள்ளைகள் மூன்றாம் நாள் தூங்கிவிடுவார்கள். வாரத்துக்கு ஒரு பத்தாகக் கூட்டினால் மே பாதியில் ஐந்தும் வந்துவிடும். படகு மறுபடி இறங்கும்போது வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேரானாலும் அதே மணிக்கு உட்காருங்கள். கடலில் இருப்பவரிடமும் நேரத்தைச் சொல்லி அனுப்புங்கள். வலை வேலைக்கு நடுவே அவரால் ஒரு பத்து முடியும்.