அலுவலகச் சாமான்களை விமானத்தில் அனுப்பும் முன் எதைத் திறந்து பார்க்க வேண்டும்

பேக்கிங் லிஸ்ட்டில் "டூல்ஸ்", "ஸ்பேர் பார்ட்ஸ்", "ஐடி சாமான்" என்று மொட்டையாக எழுதியிருந்தால், விமானச் சரக்கு கவுண்டரில் அந்தப் பெட்டியைத் தனியே ஒதுக்கிக் கேள்வி கேட்பார்கள். அபாயப் பொருள்கள் பெரும்பாலும் இந்தப் பொதுப் பெயர்களுக்குள்தான் வருகின்றன. அவற்றை அறிவிக்கும் பொறுப்பு அனுப்புபவருடையது. டேப் ஒட்டும் முன் ஒவ்வொரு சாதனத்துக்கும் இரண்டு கேள்வி: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இதில் மின்சாரமோ அழுத்தமோ தங்கியிருக்கிறதா? இதற்குள் எப்போதாவது திரவமோ வாயுவோ நிரப்பியிருக்கிறார்களா?

பேட்டரியில் தொடங்குங்கள். லேப்டாப் பேட்டரி லேபிளில் 11.4 வோல்ட், 4,000 எம்ஏஎச் (அதாவது 4 ஏஎச்) என்று இருந்தால், அதில் சேமிக்கக்கூடிய ஆற்றல் 11.4 × 4 = 45.6 வாட்-அவர். 100 வாட்-அவருக்கு மேல் போகாமல், பேட்டரி சாதனத்துக்குள்ளேயே இருந்தால் எளிய விதிகள் பொருந்தும். அப்படிப் பொருத்தியிருந்தால் அதன் யுஎன் எண் (அபாயப் பொருள்களுக்கான ஐ.நா. அடையாள எண்) யுஎன் 3481. அதே பேட்டரியைக் கழற்றித் தனியாக அனுப்பினால் யுஎன் 3480 ஆகிவிடும்; சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பவர் பேங்க்கும் இந்தக் கணக்கில்தான் வரும். லேப்டாப் பையின் பக்கப் பாக்கெட்டில் மறந்த ஒரே ஒரு பவர் பேங்க் மொத்தச் சரக்கையும் நிறுத்தப் போதும். பைகளைக் கவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள். உப்பிய, அடிபட்ட பேட்டரி விமானத்தில் போகவே போகாது; அந்த லேப்டாப்பைப் பிரித்து வையுங்கள்.

சர்வரில் எல்லோரும் தவறவிடுவது ரெய்டு கார்டின் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் கார்டு) பேக்கப் பேட்டரி. பழைய கார்டுகளில் அது தனி லித்தியம் பேக்காக ஒட்டிக்கொண்டிருக்கும். மூடியைத் திறந்தால்தான் தெரியும்.

சிறிய யுபிஎஸ்ஸுக்குள் வழக்கமாக 12 வோல்ட், 7 ஏஎச் மூடிய ஈய-அமில பேட்டரி இருக்கும். சிந்தாத வகை என்பதற்குத் தயாரிப்பாளரின் சோதனைச் சான்றைக் கேட்டு வாங்கி, முனைகள் உரசாதபடி மூடினால், விமானச் சரக்கு விதிகளில் உள்ள சிறப்பு விதி ஏ67-இன்படி கட்டுப்பாடில்லாத சரக்காக அனுப்பலாம். அந்த விதி எண்ணை ஏர்வே பில்லில் (விமானச் சரக்குச் சீட்டு) குறிப்பிட வேண்டும். இன்வெர்ட்டரின் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் பேட்டரிக்கு இந்தச் சலுகை கிடையாது. அது யுஎன் 2794, அரிக்கும் பொருள்.

அடுத்து திரவம். பேக்கிங் லைனில் தேதி அச்சிடும் இங்க்ஜெட் கோடர்களில் பலவற்றின் மையும், அதை நீர்க்க வைக்கும் மேக்-அப் திரவமும் எம்இகே (மெத்தில் எத்தில் கீட்டோன்) கரைப்பான் கொண்டவை. அதன் தீப்பற்று நிலை (ஆவி பற்றிக்கொள்ளத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் மைனஸ் 9 டிகிரி செல்சியஸ். தொட்டியைக் காலி செய்தால் போதும் என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் தவறு, ஏனென்றால் பற்றிக்கொள்வது ஆவி. கழுவி, காற்று ஊதி உலர்த்தி, அதைச் செய்ததற்குக் கடிதம் இணையுங்கள். பெட்ரோல் ஜெனரேட்டருக்கும் அப்படியே. கூடவே போகும் மை, பசை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பாட்டில்களுக்குப் பாதுகாப்புத் தகவல் தாளின் 14ஆம் பகுதியைப் பாருங்கள். அதில் சாலை, கடல், விமானம் எனத் தனித்தனி வரிகள் இருக்கும். சாலை வரியில் "கட்டுப்பாடில்லை" என்று இருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம்.

டூல் பாக்ஸை ஒருமுறை கொட்டிப் பார்த்தால் துரு நீக்கும் ஸ்ப்ரே, தூசி ஊதும் கேன், பியூட்டேன் டார்ச் எல்லாம் உருண்டு வரும். ஸ்ப்ரே கேன்கள் யுஎன் 1950. தீயணைப்பான் யுஎன் 1044. பேன்ட்ரி ஃபிரிட்ஜின் முதுகில் ஆர்-600ஏ என்று இருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், எரியும் வாயு. முதலுதவி அறையின் பழைய ரத்த அழுத்தக் கருவியில் பாதரசம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிந்தினால் விமானத்தின் அலுமினியத்தையே அரித்துவிடும்.

விவரப் பட்டியலில் "எலக்ட்ரானிக்ஸ்" என்று எழுதாமல் "லேப்டாப், பேட்டரி உள்ளே பொருத்தியது, 45.6 வாட்-அவர், 2 எண்ணம்" என்று எழுதுங்கள். ஒவ்வொரு பேட்டரி லேபிளையும் மூடும் முன் படமெடுத்து வையுங்கள். கவுண்டரில் கேட்டால் பெட்டியைப் பிரிக்காமலே காட்டலாம்.