74எச்சி4067 உள்ளீட்டை 24 வோல்ட்டிலிருந்து காப்பது எப்படி?

குஞ்சு பொரிக்கும் பெட்டியில் 16 தெர்மிஸ்டர் (வெப்பத்துக்கேற்ப மாறும் ரெசிஸ்டர்). எல்லாம் ஒரே 74எச்சி4067 (16 சேனலில் ஒன்றைத் தேர்ந்து ஒரு பொதுக் காலுக்கு இணைக்கும் மக்ஸ் ஐசி) வழியாக இஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலருக்குப் போகின்றன. ஒவ்வொன்றும் 10 கிலோ ஓம், மேலே 3.3 வோல்ட்டுக்கு இன்னொரு 10 கிலோ ஓம்; இரண்டும் சேரும் இடம்தான் பகுப்பான் புள்ளி. சேனல் தேர்வு, வெப்பநிலைச் சூத்திரம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். சிக்கல் வயரில் இருக்கிறது. விசிறி ரிலேவுக்கான 24 வோல்ட் வயரும் அதே குழாயில்தான் போகிறது. எலி கடித்தாலோ, டெர்மினலில் ஓர் இழை பிரிந்து பக்கத்தில் பட்டாலோ போதும்.

முதலில், பகுப்பான் புள்ளிக்கும் மக்ஸின் காலுக்கும் நடுவே ஒரு 10 கிலோ ஓம் போடுங்கள். 24 வோல்ட் வந்தாலும் சுமார் 2 மில்லி ஆம்பியர்தான் உள்ளே போகும். ஐசியின் உள் டையோடுக்கு உச்ச வரம்பு 20 மில்லி ஆம்பியர். அதனால் ஐசி பிழைத்துக்கொள்ளும்.

பிழைத்தால் போதுமா? எனக்குப் பிடிபட நேரமானது இந்த இடம்தான். 7-ஆம் சேனலில் கோளாறு, ஆனால் 3-ஆம் சேனலின் வெப்பநிலை தாறுமாறாக ஓடும். உள்ளீடு சப்ளையைவிட அரை வோல்ட்டுக்கு மேல் ஏறினால், அணைத்து வைத்த சுவிட்சும் லேசாகத் திறந்து, பொதுக் காலுக்கு மின்னோட்டத்தைக் கசியவிடுகிறது. எதுவும் எரியாததால் சந்தேகம் முழுக்க நிரல் மேல் போகும்.

எனவே இரண்டாவது, ரெசிஸ்டருக்கும் மக்ஸுக்கும் நடுவில் பிஏடி54எஸ், ஒரே உறையில் இரண்டு ஷாட்கி டையோடு. 1-ஆம் கால் கிரவுண்டுக்கு, 2-ஆம் கால் 3.3 வோல்ட்டுக்கு, 3-ஆம் கால் சிக்னலுக்கு. ஷாட்கி சாதா டையோடைவிடக் குறைந்த வோல்ட்டிலேயே கடத்தும் என்பதால் 2 மில்லி ஆம்பியரில் 0.3 வோல்ட் அளவிலேயே பிடித்துவிடும், உள் டையோடு விழிக்கவே விழிக்காது. 3.3 வோல்ட் ஜீனரை (குறித்த வோல்ட்டைத் தாண்டினால் கடத்தும் டையோடு) இங்கே போடச் சொல்பவர்கள் உண்டு. நான் போடமாட்டேன். குறைந்த வோல்ட் ஜீனர்கள் தங்கள் அளவை எட்டும் முன்பே கசிந்து அளவீட்டைக் கெடுக்கும்.

ஷாட்கியும் கசியும், சூட்டில் கூடுதலாக. 1 மைக்ரோ ஆம்பியர் கசிந்தால், இந்த 10 கிலோ ஓமும் பகுப்பானின் 5 கிலோ ஓமும் (இரண்டு 10 கிலோ ஓம் பக்கவாட்டில்) சேர்ந்து 15 மில்லி வோல்ட் பிழை. 25 டிகிரி அருகே இந்தத் தெர்மிஸ்டர் டிகிரிக்கு ஏறக்குறைய 37 மில்லி வோல்ட் நகரும், ஆக ஏறக்குறைய 0.4 டிகிரி. போர்டைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள்.

மூன்றாவது, இரைச்சலை வடிகட்ட, கிரவுண்டுக்கு 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர். ஒவ்வொரு சேனலின் காலிலும் ஒன்று, பொதுக் காலில் வேண்டாம். அங்கே வைத்தால் முந்தைய சேனலின் வோல்ட் அடுத்ததில் ஒட்டிக்கொண்டு வரும்.

அப்புறம் சப்ளை. பிஏடி54எஸ் பிடித்த மின்னோட்டம் எங்கே போகும்? 3.3 வோல்ட் தடத்துக்குத்தான். மேலே இருக்கும் 10 கிலோ ஓம் வழியாகவும் இன்னொரு 2 மில்லி ஆம்பியர் அங்கேயே வரும். ஏஎம்எஸ்1117 போன்ற ரெகுலேட்டர் கொடுக்கும், திரும்ப வாங்காது. இஎஸ்பி32 தூங்கும்போது அதைக் குடிக்க ஆளில்லாமல் தடத்தின் வோல்ட் மெல்ல மேலேறும். தடத்திலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 330 ஓம் போட்டால் 10 மில்லி ஆம்பியர் குடித்துவிடும். ஒரு வயர் கோளாறுக்கு அது தாராளம். பேட்டரியில் ஓட்டுபவர்களுக்கு இது சரிவராது.

காசு பிரச்சினை இல்லையென்றால் ஏடிஜி5208எஃப் என்ற மக்ஸை வாங்கலாம், 55 வோல்ட் வரை தானே தாங்கும், 8 சேனல். 4051 என்ற 8 சேனல் மக்ஸைப் பயன்படுத்துபவர்களுக்கு அதே கால் அமைப்பில் 74எச்சி4851 இருக்கிறது, சேனல் விட்டுச் சேனல் கசிவதைத் தடுக்கவே செய்தது.

சோதிக்க, ஒரு சேனலின் வயரில் 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். மற்ற 15-ம் அசையக்கூடாது.

பின்சேர்க்கை: எல்லாச் சேனலும் 3 வோல்ட்டை ஒட்டியே நிற்பதாக ஒருவர் கருத்தில் எழுதியிருந்தார். அவருக்குக் கிடைத்தது பிஏடி54சி, பார்க்க அச்சு அசல் அதேதான். மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையை 3-ஆம் காலிலும் கறுப்பை 2-ஆம் காலிலும் வையுங்கள். 0.2, 0.3 என்று காட்டினால் எஸ். ஒன்றும் காட்டாவிட்டால் சி, சால்டர் செய்யாதீர்கள்.