நாட்டுச் சர்க்கரையும் பிள்ளைகளின் சொத்தைப் பல்லும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டுக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையைப் பாலில் கலந்து கொடுத்தால் பிள்ளையின் பல்லுக்கும் உடம்புக்கும் ஒரு கேடும் வராது என்று ஈரோடு, கோபி பக்கத்து வீடுகளில் பலர் உறுதியாக நம்புகிறார்கள். முதலில் கைவிட வேண்டிய தவறு இதுதான். நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பங்கு, வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். பல்லில் படிந்திருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதையும் அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேல் பாக்டீரியாக்கள் படிந்த படலத்தின் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்குகிறது. விழுங்கிய சர்க்கரையோ ரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றுகிறது, ஓடியாடிச் செலவழிக்காத மிச்சம் கொழுப்பாகச் சேர்கிறது. சொத்தையும் உடல் பருமனும் ஒன்றையொன்று உண்டாக்குவதில்லை. இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஒரே உணவுப் பழக்கத்தில் இருக்கிறது. அதனால் ஒல்லியான பிள்ளைக்குச் சொத்தை வராது என்று இருந்துவிடவும் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சேர்க்கப்படும் சர்க்கரை, தேன், பழச்சாறு எல்லாம் சேர்ந்து அன்றாட ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும்; 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது.

அளவைக் கணக்கிடுபவர்களும் தடவையை எண்ண மறந்துவிடுகிறார்கள். காலையில் இனிப்புப் பால், இடைவேளையில் கிரீம் பிஸ்கட், பள்ளி விட்டதும் பேக்கரியில் தேங்காய் பன், டியூஷன் போகும் வழியில் மிட்டாய் என்று நாள் நீண்டால், அமிலத்தைத் தணித்துத் தாதுக்களை எனாமலில் திரும்பச் சேர்க்க உமிழ்நீருக்கு அவகாசமே கிடைப்பதில்லை. நோம்பி நாளில் சாப்பாட்டோடு சேர்த்து உண்ணும் ஓர் ஒப்பிட்டைவிட (போளி), நெடுநேரம் வாயில் கிடக்கும் ஒரு மிட்டாய் பல்லுக்குக் கூடுதல் கேடு. மாலைப் பசிக்கு அவித்த நிலக்கடலையோ தட்டைப்பயறோ போதும்.

வேலை முடிந்து இரவு தாமதமாக வீடு திரும்பும் பெற்றோர், பிள்ளை தூங்கும் முன் இனிப்புப் பால் கொடுத்துப் பல் துலக்காமல் படுக்க வைப்பதும் உண்டு. உறக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுகிறது. ஆகவே ஃபுளோரைடு பற்பசையால் துலக்குவதே அன்றைய கடைசி வேலையாக இருக்கட்டும்.

ஆறு வயதையொட்டி, எந்தப் பால் பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதைப் பால் பல் என்று எண்ணி, விழுந்து முளைக்கும் என விட்டுவிடுகிறோம். அது விழுந்தால் மறுபடி முளைக்காது. அப்பல் வெளிவந்ததுமே பல் மருத்துவரிடம் காட்டினால், சொத்தை பிடிக்கும் முன்பே அதன் மேற்பரப்பில் இயல்பாகவே இருக்கும் குழிகளை அடைத்துவிடலாம்.