ஃபோல்டரில் காட்டும் தேதியை நம்பி எதையும் அழித்துவிடாதீர்கள்

ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள். ஒன்று கம்ப்யூட்டரில், இன்னொன்று வெளி ஹார்ட் டிஸ்கில். கம்ப்யூட்டரில் இருப்பதற்கு எதிரே மார்ச் 3, டிஸ்கில் இருப்பதற்கு எதிரே மே 20. மே மாதத்து ஃபோல்டர்தானே புதியது என்று எனக்குத் தெரிந்த ஒருவர் மார்ச் ஃபோல்டரை அழித்துவிட்டார். மறுநாள் திறந்து பார்த்தால், இரண்டரை மாதமாக எழுதிய எதுவும் இல்லை. மே 20 அன்று அவர் செய்ததெல்லாம், ஒரு பழைய பேக்கப்பை அந்த டிஸ்கிற்குக் காப்பி செய்ததுதான். உண்மையான வேலை முழுவதும் மார்ச் 3 என்று காட்டிய ஃபோல்டருக்குள்தான் நடந்திருந்தது.

அந்த இரண்டு தேதிகளுமே சரியானவை. நாம்தான் அதை வேறு கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்கிறோம்.

ஃபோல்டர் என்பது ஒரு பெயர்ப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு எதிரே காட்டும் 'டேட் மாடிஃபைட்' (கடைசியாக மாறிய தேதி) என்பது அந்தப் பட்டியல் கடைசியாக எப்போது மாறியது என்பதைச் சொல்கிறது. ஒரு ஃபைல் புதிதாகச் சேர்ந்தாலோ, அழிந்தாலோ, பெயர் மாறினாலோ பட்டியல் மாறும். உள்ளே இருக்கும் ஃபைலைத் திறந்து நூறு பக்கம் எழுதிச் சேமித்தாலும் பெயர் அதேதானே? அதனால் ஃபோல்டரின் தேதி நகர வேண்டிய அவசியமில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அடிப்படை இதுதான்.

ஐந்து நிமிடத்தில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸில் ஒரு ஃபோல்டர் தொடங்கி, அதில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலை வையுங்கள். சில நிமிடம் கழித்து நோட்பேடில் அதைத் திறந்து ஒரு வரி சேர்த்துச் சேமியுங்கள். ஃபைலின் நேரம் மாறியிருக்கும், ஃபோல்டரின் நேரம் அப்படியே நிற்கும். அப்புறம் அதே ஃபோல்டரில் வேறொரு ஃபைலை உருவாக்கி உடனே அழித்துவிடுங்கள். உள்ளே இருப்பது எதுவும் மாறவில்லை, ஆனால் ஃபோல்டர் இந்த நிமிடத்தின் நேரத்தைக் காட்டும். வேர்டு ஃபைல் என்றால் கதையே வேறு. அதைத் திறந்தவுடன் பக்கத்திலேயே மறைவான தற்காலிக ஃபைல் ஒன்றை வேர்டு உருவாக்கும், மூடும்போது அழித்துவிடும். ஆக, படித்துவிட்டு மூடினால்கூட ஃபோல்டர் 'இன்று மாறியது' என்று சொல்லும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த மாற்றம் ஒரு படிதான் ஏறும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று இருந்து, கடைசி அறையில் புதிய ஃபைலை வைத்தால் அந்தக் கடைசி ஃபோல்டரின் தேதி மட்டும்தான் மாறும். மேலே உள்ளவற்றுக்கு விஷயமே தெரியாது. மேற்சொன்ன நண்பரின் ஃபோல்டர் மார்ச்சிலேயே நின்றதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து அதிகம் பேர் குழம்புவது காப்பி செய்யும்போது. ஒரு ஃபைலைக் காப்பி செய்தால் விண்டோஸ் அதன் 'டேட் மாடிஃபைட்'டைப் பழையபடி விட்டுவிட்டு, 'டேட் கிரியேட்ட'டில் (உருவான தேதியில்) இன்றைய தேதியைப் போடும். உருவாவதற்கு முன்பே திருத்தப்பட்டது போல அது தெரியும், ஆனால் அதில் பிழை எதுவும் இல்லை. இந்தப் பிரதி இந்த இடத்தில் இன்றுதான் பிறந்தது, அவ்வளவே. ஃபோல்டரைக் காப்பி செய்தாலோ, பெரும்பாலும் இரண்டு தேதிகளுமே இன்றையதாகிவிடும். பழைய தேதிகள் முக்கியம் என்றால் இழுத்துப் போட்டுக் காப்பி செய்யாதீர்கள். ரோபோகாப்பி, ஆர்சிங்க் போன்ற கருவிகளில் ஃபோல்டர் தேதியையும் சேர்த்துக் கொண்டுவரும் வசதி உண்டு. ரோபோகாப்பியில் கட்டளை கொடுக்கும்போது அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

சரி, 1970 ஜனவரி 1, 1980 ஜனவரி 1, 1601 என்றெல்லாம் காட்டுகிறதே, அது? வைரஸ் என்று பயந்து எதையும் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். கம்ப்யூட்டர் நேரத்தை ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணுகிறது. யூனிக்ஸ் வழிவந்த மேக், லினக்ஸ் போன்றவை 1970இலிருந்து, பழைய டாஸ் இயங்குதளத்தின் வழிவந்த ஃபேட்32 (டிஸ்கில் ஃபைல்களைப் பதிந்து வைக்கும் ஒரு முறை) 1980இலிருந்து, விண்டோஸின் இதே போன்ற முறையான என்டிஎஃப்எஸ் 1601இலிருந்து. தேதி பதிவாகாமல் பூஜ்யமாக இருந்தால் பெரும்பாலும் அந்தத் தொடக்க நாள்தான் திரையில் வரும். உலகப் பொது நேரத்துக்குப் பின்தங்கிய அமெரிக்கா போன்ற நாடுகளில் 1970க்குப் பதில் 1969 டிசம்பர் 31 என்று தெரிவதும் இதே காரணத்தால்தான்.

பென் டிரைவில் உள்ள ஃபைல்கள் மட்டும் சில மணி நேரம் தள்ளிக் காட்டினால் நேர மண்டலத்தைப் பாருங்கள். என்டிஎஃப்எஸ் உலகப் பொது நேரத்தில் எழுதி வைக்கும். ஃபேட்32 அந்தந்த ஊர் நேரத்தை அப்படியே எழுதும், எந்த ஊர் என்று குறித்துக்கொள்ளாது. பழைய ஜிப் முறையிலும் இதே குறைதான்.

புதிதாகச் சேமிக்கும் எல்லாமே பல வருடம் பின்னால் போகிறது என்றால் மதர்போர்டில் உள்ள சின்ன பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலான டெஸ்க்டாப்புகளில் அது சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி. ஒவ்வொரு நாளும் கடிகாரத்தைக் கையால் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை. பேட்டரியை மாற்றி, நேரத்தை இணையத்தோடு இணைத்துவிடுங்கள். அதற்கு முன் தவறான தேதியில் பதிவானவை தானாகச் சரியாகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு ஃபோல்டர்களில் எது புதியது என்று பார்க்க வேண்டுமா? விண்டோஸில் ஒவ்வொன்றையும் திறந்து, தேடல் பெட்டியில் நட்சத்திரக் குறியை (*) போட்டுத் தேடுங்கள். உட்ஃபோல்டர்களில் உள்ள ஃபைல்களும் ஒரே பட்டியலாக வரும். அதை 'டேட் மாடிஃபைட்' படி வரிசைப்படுத்தினால் கடைசியாக எந்த ஃபைல் தொடப்பட்டது என்று தெரிந்துவிடும். முக்கியமான ஃபோல்டர்களுக்கு 2025-05-20 என்பது போல வருடத்தை முதலில் வைத்துப் பெயரிலேயே தேதியை எழுதுங்கள். காப்பி, ஜிப், பென் டிரைவ் எதுவும் அதை மாற்றாது. அதன் பிறகும் சந்தேகம் இருந்தால், அழிக்க நினைக்கும் ஃபோல்டரின் பெயரோடு 'பழையது' என்று சேர்த்து ஒரு மாதம் அப்படியே விட்டு வையுங்கள்.