எஃப்-1 மாணவரின் கோடை இன்டர்ன்ஷிப்: ஐ-20 தாளின் இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள்

அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் படிக்கும்போதே இன்டர்ன்ஷிப் போவதற்குப் பெரும்பாலும் சிபிடி, அதாவது பாடத்திட்டத்தின் அங்கமான வேலைப் பயிற்சிக்கான அனுமதிதான் ஏற்றது. அரசுக்கு விண்ணப்பமோ கட்டணமோ கிடையாது. கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உள்ள டிஎஸ்ஓ என்ற அதிகாரி, செவிஸ் என்ற அரசின் மாணவர் பதிவு அமைப்பில் அனுமதியைப் பதிந்து புது ஐ-20 (மாணவர் தகுதிச் சான்றுத் தாள்) தருவார். ஓபிடி (படிப்புத் துறையிலேயே வேலை பார்க்க அரசு தரும் அனுமதி) என்றால் ஐ-765 விண்ணப்பப் படிவம், கட்டணம், வேலை அனுமதி அட்டைக்கு நெடுநாள் காத்திருப்பு. ஓபிடியில் கிடைக்கும் 12 மாதங்களையும் பட்டத்துக்குப் பிந்தைய வேலைக்கென்று விட்டுவைப்பதே நல்லது.

சிபிடிக்கு ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும். ஆகஸ்டில் சேர்ந்தவருக்கு அது மே மாதத்தில் நிறைவடையும். ஜனவரியில் சேர்ந்தவர் வரும் கோடையை நம்பிக் கம்பெனிகளுக்கு வாக்குக் கொடுத்துவிட வேண்டாம்; தொடக்கத்திலேயே களப்பயிற்சியைக் கட்டாயமாக்கும் சில முதுநிலைப் படிப்புகளுக்கு மட்டுமே விலக்கு. வேலை பாடத்திட்டத்தின் அங்கமாகவும் இருக்க வேண்டும். பல கல்லூரிகள் இதற்கென ஒரு பாடத்தில் பதிவுசெய்யச் சொல்லும். அந்தக் கோடைக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள்.

ஆஃபர் லெட்டரில் கம்பெனியின் பெயர், வேலை நடக்கும் இடத்தின் முகவரி, வேலை விவரம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், தொடங்கும் நாள், முடியும் நாள் எல்லாம் இருக்கட்டும். ‘சுமார் மூன்று மாதம்’ என்று எழுதினால் திரும்பி வரும். தேதியை அங்கே மாதம் முன்னால் வைத்து எழுதுவார்கள்: 06/08 என்றால் ஜூன் 8. ஆகஸ்ட் 6 என்று படித்துவிட்டால் எல்லாம் குளறுபடிதான்.

புது ஐ-20 வந்ததும் இரண்டாம் பக்கத்தைத் திறந்து, கம்பெனிப் பெயரையும் இரு தேதிகளையும் ஆஃபர் லெட்டரோடு ஒப்பிடுங்கள். முதல் தேதிக்கு முந்தின நாள் வேலை பார்த்தாலும், கடைசித் தேதிக்கு மறுநாள் பார்த்தாலும் அனுமதியற்ற வேலைதான். வீட்டிலிருந்து பார்த்தாலும் அப்படியே. சிபிடியை முன்தேதியிட்டு வாங்க முடியாது. நீட்டிப்பதானால் பழையது முடியும் முன்பே புதியது கையில் இருக்க வேண்டும். கம்பெனி மாறினாலும் தனி அனுமதி.

வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பகுதிநேரம். அதைத் தாண்டினால் முழுநேரம். முழுநேர சிபிடி மொத்தம் 12 மாதத்தைத் தொட்டால் அதே நிலைப் பட்டத்துக்கு ஓபிடி போய்விடும். பகுதிநேரம் இந்தக் கணக்கில் வராது.

சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு, வேலை தொடங்க 30 நாள் இருக்கும்போது விண்ணப்பிக்கலாம். எண் வரும்வரை வேலையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. சேர்ந்த மூன்று வேலை நாட்களுக்குள் வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்காக பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), சிபிடி பதிந்த ஐ-20 மூன்றையும் கம்பெனியிடம் காட்டுங்கள்.

முதல் சம்பளச் சீட்டு வந்ததும் பிடித்தங்களைப் பாருங்கள். அமெரிக்காவில் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்குள் இருக்கும் எஃப்-1 மாணவரிடம் பொதுவாக சமூகப் பாதுகாப்பு வரி 6.2 சதவீதமும் மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரி 1.45 சதவீதமும் பிடிக்கக் கூடாது. பிடித்திருந்தால் முதலில் சம்பளப் பிரிவிடமே திருப்பிக் கேளுங்கள். அவர்கள் கைவிரித்தால்தான் 843, 8316 படிவங்களோடு வரித்துறைக்குப் போக வேண்டும்.