நெக்ரித்யூத் கவிதைகளை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

நெக்ரித்யூத் இயக்கத்தின் கவிஞர்களை, அதாவது 1930களில் பாரிசில் ஒன்றுகூடிப் பிரெஞ்சில் எழுதிய கறுப்பினக் கவிஞர்களை, வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். முதலில் ஒரு கோட்பாட்டுக் கட்டுரையை எடுப்பார்கள். அதில் இந்த இயக்கத்தின் செனகல் கவிஞர் செங்கோர் 1939இல் எழுதிய அந்தப் பேர்போன வாக்கியம் வந்து நிற்கும்: உணர்ச்சி கறுப்பருடையது, பகுத்தறிவு கிரேக்கருடையது. "இதைத்தானே வெள்ளைக்காரனும் சொன்னான்?" என்று எரிச்சலாகிப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். நானும் அப்படி மூடியவன்தான். திரும்ப வந்தது ஒரு விக்கல் கவிதையால். அதனால் இங்கே நான் சொல்லும் வரிசையில் கவிதை முன்னால் வரும், கோட்பாடு பின்னால் வரும். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஆங்கில மொழிபெயர்ப்புகள் தாராளமாகக் கிடைக்கின்றன. மூலமும் மொழிபெயர்ப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சான பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஏன் என்று மூன்றாம் படியில் தெரியும்.

படி 1: சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

பிரெஞ்சில் கறுப்பரைக் குறிக்க இரண்டு சொற்கள். ‘நுவார்’ என்பது மரியாதையானது. ‘நெக்ர்’ என்பது அடிமைச் சந்தையின் வாடை இன்னும் போகாத வசைச்சொல். 1930களில் பாரிசில் படித்துக்கொண்டிருந்த சில மாணவர்கள் மரியாதையான சொல்லை விட்டுவிட்டு, வசையை எடுத்து அதற்கு ஒரு பின்னொட்டு சேர்த்து ‘நெக்ரித்யூத்’ ஆக்கினார்கள். எறிந்த கல்லை எடுத்து அடுப்புக்கல்லாக வைத்துக்கொண்ட மாதிரி. தமிழில் இதைக் ‘கறுப்புத்தன்மை’ என்று பெயர்த்தால் பொருள் வரும், சூடு வராது. அதனால்தான் நான் மூலச்சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

இந்தச் சொல் முதன்முதலில் 1939இல் ஒரு நெடுங்கவிதையில் வந்தது என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தார்கள். ‘கறுப்பு மாணவன்’ என்ற பத்திரிகையின் 1935ஆம் ஆண்டு மே-ஜூன் இதழ் பின்னாளில் கைக்குக் கிடைத்தபோது, அந்த மாணவர்களில் ஒருவரான எமே செசேரின் கட்டுரை ஒன்றில் அது ஏற்கெனவே இருந்தது தெரியவந்தது.

படி 2: மூன்று பேர், மூன்று ஊர், ஒரு வரவேற்பறை

ஒரு தாளில் மூன்று பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். எமே செசேர் (1913–2008), கரீபியத் தீவான மார்த்தினிக். லெயோபோல் செதார் செங்கோர் (1906–2001), மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் ஜோவால் என்ற கடலோர ஊர். லெயோன் கோந்த்ரான் தமாஸ் (1912–1978), தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கயேன். மூன்றும் அன்று பிரெஞ்சுக் காலனிகள், மூவரும் பாரிசில் சந்தித்துக்கொண்டவர்கள்.

ஊர்களை எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. செங்கோருக்கு ஆப்பிரிக்கா என்பது நினைவு: தாய்மாமன், மேய்ச்சல் நிலம், இரவில் கேட்ட கதை எல்லாமே அவர் நேரில் கண்டவை. செசேருக்கும் தமாஸுக்கும் ஆப்பிரிக்கா என்பது பறிகொடுத்த ஒன்று. கப்பலில் ஏற்றி வரப்பட்ட முன்னோர்களுக்கு அப்பால் இருக்கும் ஓர் இடம். ஒரே இயக்கம் என்று மூவரையும் ஒரு கட்டாகக் கட்டிவிட்டால் இந்த வித்தியாசம் கண்ணில் படாமலே போகும்.

நான்காவதாக இன்னொரு பெயரையும் எழுதுங்கள்: போலெத் நர்தால். பாரிசுக்குப் பக்கத்தில் கிளமார் என்ற ஊரில் அவரும் அவருடைய சகோதரிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டைத் திறந்து வைத்தார்கள். ஆப்பிரிக்கர், கரீபியர், அமெரிக்கக் கறுப்பர் எல்லாரும் அந்த வரவேற்பறையில் உட்கார்ந்து பேசினார்கள். 1931–32இல் அவர் பங்கெடுத்து நடத்திய ‘கறுப்புலகின் இதழ்’ பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலுமாக ஆறு இதழ்கள் வந்து நின்றது. லாங்ஸ்டன் ஹியூஸ், கிளாட் மெக்கே போன்ற, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பின எழுத்தாளர்கள் பாரிஸ் மாணவர்களிடம் போய்ச் சேர்ந்ததில் இந்த வீட்டுக்குப் பெரிய பங்கு. தாங்கள் முன்பே சொன்னதைத்தான் அந்த ஆண்கள் எடுத்து மின்னவைத்தார்கள் என்று நர்தால் பிற்காலத்தில் குறைப்பட்டுக்கொண்டார். நியாயமான குறை.

படி 3: தமாஸின் விக்கலில் தொடங்குங்கள்

1937இல் வந்த தமாஸின் முதல் தொகுப்பு ‘பிக்மான்’, அதாவது ‘நிறமிகள்’. அதில் ‘ஓக்கே’ (விக்கல்) என்ற கவிதையை எடுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

கவிதையில் ஓர் அம்மா பேசிக்கொண்டே இருக்கிறார். மேசையில் எப்படி உட்காருவது, ரொட்டியை ஏன் வீணாக்கக் கூடாது, கத்தியும் முள்கரண்டியும் எப்படிப் பிடிப்பது, பிரெஞ்சுக்காரர்களின் பிரெஞ்சை எப்படிப் பேசுவது என்று ஓயாத பாடம். பையனோ ஏழு மடக்குத் தண்ணீர் குடித்துப் பார்க்கிறான், விக்கல் நிற்கவில்லை. ஒவ்வொரு விக்கலிலும் குழந்தைப் பருவம் மேலே வருகிறது. கடைசியில் அம்மா விஷயத்துக்கு வருகிறார்: வயலின் வகுப்புக்குப் போகவில்லையாமே? பாஞ்சோ வாத்தியமா வேண்டும்? கலப்பினத்தவர் நாம் அதையெல்லாம் தொடுவதில்லை, அது ‘நெக்ர்’களுக்கு.

இப்போது பிரெஞ்சுப் பக்கத்தைப் பாருங்கள். மொழி புரியவேண்டாம், வரிகள் உடையும் இடத்தை மட்டும் கவனியுங்கள். ‘பாஞ்சோ’ என்ற சொல்லையே இரண்டாக வெட்டி இரண்டு வரிகளில் போட்டிருப்பார். விக்கல் அச்சிலேயே தெரியும். எதிர்ப்பக்க மூலம் உள்ள பதிப்பை வாங்கச் சொன்னது இதற்குத்தான்.

சத்தமாக வாசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் கெட்டவர் யார்? வெள்ளைக்காரர் ஒருவர்கூடக் கவிதைக்குள் வருவதில்லை. பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்று நினைக்கும் அம்மாதான் இருக்கிறார். காலனி ஆட்சி சமையலறை வரை வந்து உட்கார்ந்துவிட்டதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை. ஆள்பவரின் மதிப்பீடுகளை ஆளப்படுபவரே தமதாக்கிக்கொள்ளும் ‘உள்வாங்கல்’ பற்றிய கோட்பாட்டை நூறு பக்கம் படித்தாலும் இந்த விக்கல் கிடைக்காது. 1939இல் பிரெஞ்சு அரசு ‘பிக்மான்’ தொகுப்பைத் தடைசெய்து கைப்பற்றியது.

படி 4: செங்கோரை மெதுவாக, சத்தமாக

தமாஸின் வேகத்திலேயே செங்கோரிடம் போனால் அலுத்துவிடும். இவர் நீளமாக மூச்சு இழுத்துப் பாடுகிறவர். சில கவிதைகளின் தலைப்பிலேயே எந்த வாத்தியத்தோடு என்று குறித்திருப்பார்: கோரா, பலாஃபோன் என்ற மரக்கட்டை வாத்தியம், நியூயார்க் பற்றிய கவிதைக்கு ஜாஸ் குழு. அவர் எழுதிய செனகல் தேசிய கீதமும் கோராக்களை மீட்டச் சொல்லித்தான் தொடங்குகிறது. கோரா என்பது சுரைக்குடுக்கையில் செய்த பல நரம்பு வாத்தியம். முதலில் இணையத்தில் அதைக் கொஞ்சம் கேளுங்கள், பிறகு கவிதையைத் திறங்கள்.

1945இல் வந்த ‘நிழலின் பாடல்கள்’ தொகுப்பிலிருந்து ‘சீன் பகுதியின் இரவு’ போதும் (சீன் என்பது செனகலில் ஒரு பகுதி). ஒரு பெண்ணின் கை நெற்றியில், மேலே பனைகளின் அசைவு, கதை சொல்பவர்களே தூங்கி விழும் நேரம், இறந்த முன்னோர்கள் அருகில் வந்து உட்காரும் அமைதி. அதே தொகுப்பின் ‘கறுப்புப் பெண்’ இன்னும் புகழ்பெற்றது. எனக்கு அதில் பெண்ணைவிடச் சிலைதான் அதிகம் தெரிகிறது.

அடுத்து, மாற்றுச் சுவைக்கு, 1948இன் ‘கறுப்புப் பலிகள்’ தொகுப்பின் முதல் கவிதை. பிரான்சுக்காகச் செத்த செனகல் சிப்பாய்களைப் பற்றியது. ‘பனானியா’ என்ற வாழைப்பழ-கோகோ பானத்தின் சுவரொட்டியில் சிவப்புக் குல்லாய் போட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருப்பான். பிரான்சின் சுவர்களில் இருந்து அந்தச் சிரிப்புகளைக் கிழித்தெறிவேன் என்கிறார் செங்கோர். அவரே 1940இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டு முகாமில் கிடந்த சிப்பாய். சாதுவான கவிஞர் என்று அவரை நினைத்திருந்தால் இந்த வரியில் அது போய்விடும்.

படி 5: செசேரின் நெடுங்கவிதை, ஒரே மூச்சில் வேண்டாம்

‘தாய்மண்ணுக்குத் திரும்புதலின் குறிப்பேடு’. 1939இல் ஒரு பாரிஸ் இதழில் முதல் வடிவம், 1947இலும் 1956இலும் திருத்தி வளர்த்த வடிவங்கள். கடினமானது, அகராதியோடு உட்கார்ந்தால் பத்தாம் பக்கத்தில் எழுந்துவிடுவீர்கள். மூன்று இடங்களில் மட்டும் நின்று வாசியுங்கள், மற்றதை மழை மாதிரி மேலே விழவிடுங்கள்.

முதல் இடம், வீடு. விடிகாலை என்ற பல்லவி திரும்பத் திரும்ப வரும் பகுதி. பசித்த, ஊமையான ஊர். இராப்பகலாக அம்மா மிதிக்கும் சிங்கர் தையல் மெஷின், பிள்ளைகளின் பசிக்காக மிதிபடும் அந்தக் கால்கள்.

இரண்டாம் இடம், டிராம். நகரத்து டிராமில் ஏழையான, களைத்துப்போன ஒரு கறுப்பர் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் சில பெண்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கவிதை சொல்பவனும் அவர்களோடு சேர்ந்து புன்னகைக்கிறான். தன் கோழைத்தனத்தை அங்கேயே ஒப்புக்கொள்கிறான். இந்த இயக்கத்தை வெறும் ‘பெருமை பேசுதல்’ என்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். இங்கே பெருமைக்கு முன்னால் வெட்கம் வருகிறது.

மூன்றாம் இடம், என் நெக்ரித்யூத் எது, எது அல்ல என்று அடுக்கும் பகுதி. அது கல் அல்ல, கோபுரம் அல்ல, தேவாலயம் அல்ல. மண்ணின் சிவந்த சதைக்குள் இறங்குவது. சொல்லை விளக்கச் சொன்னால் ‘அல்ல, அல்ல’ என்றே முக்கால் பங்கு சொல்கிறார். வரையறை தேடி வருபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

கவிதையின் கடைசிச் சொல்லில் மாட்டிக்கொண்டால் கவலைப்படாதீர்கள். ‘வெரிசியோன்’ என்பது எளிதில் பிடிபடாத சொல். மொழிபெயர்ப்பாளர்கள் இன்றுவரை அதோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

நம்மவர்களுக்கு ஒரு வரி: நான் யூதனாக இருப்பேன், ஹார்லெமில் ஓட்டில்லாதவனாக இருப்பேன் என்று அடுக்கும் இடத்தில் கல்கத்தாவின் இந்தியனும் வருகிறான். அது சும்மா வந்த பெயராக எனக்குத் தோன்றவில்லை. 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் மார்த்தினிக்கின் கரும்புத் தோட்டங்களுக்கு 1853 முதல் இந்தியக் கூலிகள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் தமிழர் பலர். செசேர் பிறந்த பாஸ்-புவேந்த் ஊரில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள்.

படி 6: இப்போது அரசியல்

சரி, இனி உரைநடைக்கு வரலாம். செசேரின் ‘காலனியம் பற்றிய சொற்பொழிவு’ (1950) ஒரே மாலையில் முடிக்கக்கூடிய சிறு நூல். அதன் கூர்மையான வாதம்: ஹிட்லரை ஐரோப்பா மன்னிக்காததற்குக் காரணம் குற்றம் அல்ல, அது வெள்ளையருக்கு நேர்ந்ததுதான். அதுவரை அரபியருக்கும் இந்தியக் கூலிகளுக்கும் ஆப்பிரிக்கருக்கும் என்று ஒதுக்கிவைத்திருந்த முறைகளை அவன் ஐரோப்பாவுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டான்.

உடனே அவருடைய வாழ்க்கையையும் பக்கத்தில் வையுங்கள், சிக்கல் தெரியும். இப்படி எழுதியவர்தான் 1946இல் மார்த்தினிக்கை பிரான்சின் ஒரு மாவட்டமாக்கும் சட்டத்தை நாடாளுமன்றத்தில் முன்வைத்தவர். 1945இலிருந்து 2001 வரை மார்த்தினிக்கின் தலைநகரான ஃபோர்-த-பிரான்ஸின் மேயர். 1956இல் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியைவிட்டு விலகிய கடிதத்தில், குறுகிய தனித்தன்மைக்குள் சுவர் கட்டிக்கொண்டும் தொலையலாம், பொதுமைக்குள் கரைந்தும் தொலையலாம் என்று எழுதினார்.

செங்கோர் 1960 முதல் 1980 வரை செனகலின் ஜனாதிபதி. 1966இல் செனகல் தலைநகர் டக்காரில் கறுப்பினக் கலைகளின் முதல் உலக விழாவை நடத்தினார். தன் பிரதமர் மமது தியாவை 1962இல் சிறையில் தள்ளிப் பன்னிரண்டு ஆண்டு வைத்திருந்தவரும் அவரே. 1974இல் சென்னை வந்து நெக்ரித்யூத்தையும் திராவிடப் பண்பாட்டையும் இணைத்துப் பேசினார். தமிழறிஞர் க. ப. அறவாணன் பின்னர் டக்காரில் பணியாற்றியதும் இந்தத் தொடர்பின் தொடர்ச்சிதான். இரு பண்பாடுகளுக்கும் ரத்த உறவு இருப்பதாகச் சொன்ன வாதங்களை நான் நம்பவில்லை, ஆனால் தேடிப்போன ஆவல் பிடிக்கிறது.

படி 7: எதிர்த்தவர்களோடு உட்காருங்கள்

முதல் பத்தியின் எரிச்சலை இப்போது எடுத்துக்கொள்ளலாம். செங்கோர் தொகுத்த 1948ஆம் ஆண்டுக் கவிதைத் தொகைநூலுக்கு முன்னுரை எழுதிய பிரெஞ்சு மெய்யியலாளர் சார்த்ர், நெக்ரித்யூத்தை ‘இனவெறிக்கு எதிரான இனவெறி’ என்றும், வரலாற்றில் ஒரு தற்காலிகக் கட்டம் என்றும் புகழ்வதுபோலச் சொல்லி வைத்தார். மார்த்தினிக்கில் செசேரிடம் பள்ளியில் படித்த பிரான்ஸ் ஃபனான், 1952இல் வந்த ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ நூலில் இதற்குக் கொதித்தார்: நான் பற்றிக்கொண்டிருந்த கட்டையையும் பிடுங்கிவிட்டாரே என்று. அதே ஃபனான் பின்னாளில், பழம்பெருமை விவசாயிக்குச் சோறு போடாது என்ற பக்கம் போய்விட்டார். நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயிங்காவோ, புலி தன் புலித்தன்மையை அறிவித்துக்கொண்டிருக்காது, பாய்ந்துவிடும் என்றார். 1989இல் மார்த்தினிக்கின் இளைய எழுத்தாளர்கள் மூவர், நாங்கள் ஆப்பிரிக்கரும் அல்ல, ஐரோப்பியரும் அல்ல, ஆசியரும் அல்ல, கிரியோலர் (பல இனங்களும் பண்பாடுகளும் கலந்து உருவான தீவு மக்கள்) என்று அறிக்கை வெளியிட்டார்கள்.

இவர்களையெல்லாம் படித்த பிறகு ‘விக்கல்’ கவிதையை மறுபடி எடுத்துச் சத்தமாக வாசியுங்கள். சோயிங்காவின் புலி இந்தப் பையனுக்கு என்ன சொல்லும் என்று கேட்டுப் பாருங்கள். அவன் இன்னும் ஏழாவது மடக்குத் தண்ணீரில்தான் இருப்பான்.