அடி இறக்கத்துக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போகிறீர்களா? கூச்சப்படாமல் முக்குங்கள்

மலம் கழிக்க உட்கார்ந்தால் கீழே பந்து மாதிரி ஏதோ இறங்குகிறது, எவ்வளவு முக்கினாலும் பாதி உள்ளேயே நிற்கிறது, சில பெண்களுக்குப் பிறப்புறுப்பின் பின்பக்கத்தை விரலால் அழுத்தினால்தான் வெளியே வருகிறது. இடுப்புக்குள் இருக்கும் உறுப்புகள் கீழே இறங்கும் அடி இறக்கம் இப்படித்தான் இருக்கும். ஆனால் வயிற்று ஸ்கேனில் எல்லாம் நார்மல். இதில் ஆச்சரியமே இல்லை, ஏனென்றால் மல்லாந்து சும்மா படுத்திருக்கும்போது இறங்கிய குடல் மேலே போய்விடும். முக்கும்போதே படம் எடுத்தால்தான் பிடிபடும். அதற்குத்தான் எம்ஆர்ஐ டெஃபகோகிராபி.

கர்ப்பப்பை எடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், சிறுகுடல் இறங்கும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். பேஸ்மேக்கரோ உடம்புக்குள் வேறு உலோகமோ இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சுமார் 2 மணி நேரம் முன்பு சிறுநீர் கழித்துவிடுங்கள். சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்தால் அது இடத்தை அடைத்துக்கொண்டு மற்ற இறக்கத்தை மறைத்துவிடும். எனிமா வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும், போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். பெண் டெக்னீஷியன் வேண்டுமென்றால் அப்போதே கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

ஒருக்களித்துப் படுக்க வைத்து, மெல்லிய குழாய் வழியாக மலக்குடலுக்குள் அல்ட்ராசவுண்ட் ஜெல் ஏற்றுவார்கள், பொதுவாக 120 முதல் 250 மி.லி. வரை. டயப்பரோ நனையாத விரிப்போ இருக்கும். அப்புறம் மல்லாந்து படுத்து, முதலில் சும்மா இருக்க வேண்டும், பிறகு மலத்தை அடக்குவதுபோல் இறுக்க வேண்டும், பிறகு முக்க வேண்டும், கடைசியில் அந்த ஜெல்லை அங்கேயே, படுத்தபடியே வெளியேற்ற வேண்டும்.

இங்கேதான் பலருடைய பரிசோதனை வீணாகிறது. மேசை நனைந்துவிடுமே என்று லேசாக முக்கிவிட்டு "அவ்வளவுதான் வருது" என்று சொல்லிவிடுகிறார்கள். மலக்குடல் நிரம்பியிருக்கும்வரை சிறுகுடல் இறங்க இடமே கிடையாது. அது காலியான பிறகுதான் பல நேரம் இறக்கம் படத்தில் தெரியவே ஆரம்பிக்கும். அதனால் "இன்னொரு தடவை" என்று அவர்கள் கேட்டால் எரிச்சல்படாமல் முழு மூச்சாக முக்குங்கள். அந்த அறையில் இருப்பவர்களுக்கு இது அன்றாட வேலை.

ரிப்போர்ட்டில் அந்தரங்க எலும்பிலிருந்து வால் எலும்புக்கு ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே எவ்வளவு இறங்கியது என்று சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் 3 செ.மீ. வரை லேசானது, 3 முதல் 6 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. மலக்குடல் முன்பக்கம் 2 செ.மீ.க்குள் புடைத்திருப்பது எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களிடமும் காணப்படுவதுதான், அந்த ஒரு வரியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

பேரியம் வைத்து உட்கார்ந்தபடி எடுக்கும் எக்ஸ்ரே முறையும் நல்லதுதான், உட்காரும் நிலை இயல்பானது, ஆனால் கதிர்வீச்சு உண்டு. ஒல்லியான வயதான அம்மாவுக்குத் திடீரென வாந்தி, வயிற்றுவலி, கூடவே உள்தொடையில் வலி என்றால் இதற்கெல்லாம் காத்திருக்கவே கூடாது. இடுப்பெலும்பின் துளைக்குள் குடல் சிக்கியிருக்கலாம், உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய் சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

எம்ஆர்ஐ முடிந்து வரும்போது ஃபிலிமோடு நிறுத்தாமல், படங்கள் பதிந்த சிடி வட்டையும் கேட்டு வாங்குங்கள். உறுப்புகள் இறங்குவது ஓடும் படத்தில்தான் தெரியும், அறுவை மருத்துவர் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.